‘தெரியாது’ என்று சொல்ல ஆகும் செலவு: பெரியவர்கள் படிக்கும் வகுப்பறை பற்றி

தன்னார்வ ஆசிரியர்கள் கூடும் இடத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: “வயசு வந்த ஸ்டூடண்ட்ஸை அரவணைச்சுப் போகணும்.” எல்லோரும் தலையாட்டுவோம். கரும்பலகை முன்னால் நின்றுகொண்டு, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, அரவணைப்பதை எப்படிச் செய்வது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் “அன்பாப் பேசுங்க சார், அது போதும்” என்பார்கள்.

பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வர்களாக எழுத வரும் பெரியவர்களுக்குச் சில வருடங்கள் மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு கொத்தனார், தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, பதவி உயர்வுக்குப் பத்தாவது தேவைப்பட்ட ஒரு சத்துணவு உதவியாளர், இரண்டு ஆட்டோக்காரர்கள், இன்னும் சிலர். நான் அன்பாகத்தான் பேசினேன். இருந்தும் முதல் வருடம் பொங்கல் வருவதற்குள் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

கொத்தனார் நின்ற விதம் இன்னும் உறுத்துகிறது. இரண்டாவது வாரம் அவரைப் பலகைக்கு அழைத்து, இரண்டு பின்னங்களைக் கூட்டச் சொன்னேன். சாக்பீஸைப் பிடித்தபடி நின்றார். கை நடுங்கியது. அவரைத் தேற்றுவதாக நினைத்து, “பரவாயில்லைண்ணே, ரொம்ப ஈசிதான்” என்றேன். சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அதற்கு அடுத்த நாள் அவர் வரவில்லை. ‘ஈசி’ என்று ஆறுதலுக்காகத்தான் சொன்னேன். அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? ஈசியான ஒன்றுகூட வரவில்லை என்றால், அப்புறம் நான் யார்?

## சைக்கிள் பழகும் வயது

பத்து வயதில் சைக்கிள் பழகியவர்களுக்கு முழங்கால் தழும்பு நினைவிருக்கும், வெட்கப்பட்டது நினைவிருக்காது. விழுவது குழந்தையின் வேலைகளில் ஒன்று என்று ஊரே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே தெருவில் முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் பழகட்டும். அதே சைக்கிள், அதே பள்ளம், அதே விழுதல்தான். ஆனால் டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தன் பிள்ளையின் வகுப்புத் தோழன் பார்ப்பான். முழங்காலில் ஆகும் காயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், விழுவதற்குக் கொடுக்கும் விலை வேறு.

இந்தக் கட்டுரையில் ‘விலை’ என்று நான் சொல்வது இதைத்தான்: பலர் முன்னால் ஒன்று தெரியவில்லை என்று வெளிப்படும்போது ஒருவருக்கு மரியாதையில் ஏற்படும் நஷ்டம், அல்லது ஏற்படும் என்று அவர் பயப்படும் நஷ்டம். பெரியவர் வகுப்பில் ‘ஏற்பு’, ‘ஆதரவு’ என்று நாம் பேசுவதெல்லாம் இந்த விலையை எப்படிக் குறைப்பது என்ற கேள்விதான் என்பது என் கட்சி.

சைக்கிள் உதாரணம் சும்மா எடுத்ததல்ல. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் அதோடு சேர்த்தார். கிராமத்துச் சாலையில் ஒரு பெண் சைக்கிள் மிதிப்பதே அன்று பேசுபொருள். ஆபாசமான கேலிகள் வந்தன. தனியாக ஒருத்தி பழகியிருந்தால் கேலி முழுவதும் அவள் ஒருத்தியின் தலையில் விழுந்திருக்கும். இங்கே கூட்டம் கூட்டமாகப் பழகினார்கள், போட்டிகளும் ஊர்வலங்களும் நடந்தன. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் சைக்கிள் கற்ற பெண்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது என்று அந்தக் காலப் பத்திரிகைப் பதிவுகள் சொல்கின்றன. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்க முடிகிறதே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

அங்கே யாரும் தரையை மெத்தையாக மாற்றவில்லை. விழுந்தவர்களுக்கு வலித்துத்தான் இருக்கும். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து விழும் இடத்தில் விழுவது செய்தியாகாது.

*சுருக்கமாக:* பெரியவருக்கும் பிள்ளைக்கும் பாடம் ஒன்றாக இருக்கலாம், தவறு செய்வதன் விலை ஒன்றல்ல. பெரியவர் அதிக விலை கொடுக்கிறார்.

## தலையில் குடத்தோடு கணக்குப் போடுவது

சரி, விலை அதிகம் என்றால் கூச்சம் வரும், அவ்வளவுதானே, கூச்சத்தோடு படிக்கக் கூடாதா என்று கேட்கலாம். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். கூச்சம் படிப்புக்கு வெளியே, ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் உணர்ச்சி என்று நினைக்கிறோம். உண்மையில் அது படிப்பு நடக்கும் அதே மேசையில் வந்து உட்காருகிறது.

தலையில் தண்ணீர்க் குடம், இடுப்பில் இன்னொன்று. மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் வருபவர் “பதினேழையும் முப்பத்தெட்டையும் கூட்டினா எவ்வளவு?” என்கிறார். கூட்டல் தெரிந்தவர்தான் நீங்கள். ஆனாலும் தடுமாறும். குடம் தளும்பாமல் பார்ப்பதற்கே கவனம் போய்விடுகிறது.

மனத்தில் ஒரு விஷயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்யும் இடத்துக்கு உளவியலில் ‘செயல்நினைவு’ என்று பெயர். அது ரொம்பச் சின்ன மேசை. புதிதாகப் படிக்கும் விஷயங்களில் ஒரே நேரத்தில் மூன்று நான்கைத்தான் அதில் பரப்ப முடியும். பின்னம் கூட்டும்போது பகுதி எண்கள், பொதுப் பகுதி, பெருக்கிய தொகுதி எண்கள் என்று மேசை ஏற்கெனவே நிறைந்துவிடும். அதற்கு மேல் ‘கை நடுங்குவது தெரியுதோ?’, ‘அந்தச் சின்னப் பொண்ணு போட்டுட்டாளே’, ‘வாத்தியாருக்கு என் மகன் வயசுதான் இருக்கும்’ என்று மூன்று எண்ணங்கள் ஏறிக்கொண்டால் பொதுப் பகுதி கீழே விழுந்துவிடும்.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், சில எழுத்துகளை மனத்தில் வைத்துக்கொண்டே கூட்டல் போடச் சொன்னார்கள். எழுத்துகளின் எண்ணிக்கையைக் கூட்டி, பத்தை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கணக்காகவும் கொடுத்தபோது எல்லோருக்குமே தவறுகள் கூடின. கணக்கைக் கண்டு பதறுபவர்களுக்கு மற்றவர்களைவிட மிக அதிகமாகக் கூடின. பதற்றமே மேசையில் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது முடிவு.

ஆக, பலகை முன்னால் கை நடுங்கி நின்ற கொத்தனாருக்குக் கணக்கு வரவில்லை என்று நான் முடிவு கட்டியது சரியான முடிவல்ல. அந்த நிமிடம் அவரிடம் கணக்குக்கு இடம் இல்லை. இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், அதுதான் வம்பு.

*சுருக்கமாக:* பயமும் பாடமும் ஒரே சிறிய மேசையைப் பங்குபோடுகின்றன. ஒருவருக்கு ஆதரவாக இருப்பது அவருடைய மேசையைக் காலிசெய்து கொடுப்பது.

## ‘பசங்களைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?’

அந்தத் தையல் அக்காவைப் பள்ளி வாசலில் காவலாளி முதல் வாரம் முழுக்கக் கேட்ட கேள்வி இது. அவர் மேல் தவறில்லை. நாற்பது வயதுப் பெண் ஒருவர் மாலையில் பள்ளிக்குள் வந்தால் தாயாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அக்காவும் சிரித்துக்கொண்டே “இல்லண்ணே, நான்தான் படிக்க வந்திருக்கேன்” என்பார். ஐந்து நாளும் சொன்னார். ஆறாவது நாள் என்னிடம், “வாசல்லயே ஒரு பரீட்சை எழுதிட்டுத்தான் சார் உள்ள வர்றேன்” என்றார்.

‘இது நமக்கான இடம், இங்கே நாம் இருப்பது இயல்பு’ என்ற நம்பிக்கையை ‘இடமுணர்வு’ என்று வைத்துக்கொள்வோம். அது இருப்பவருக்கு அதைப் பற்றிய நினைப்பே வராது. சொந்த வீட்டில் யாரும் ‘நான் இங்கே இருக்கலாமா’ என்று யோசிப்பதில்லை. அது இல்லாதவர் ஒவ்வொரு சின்ன விஷயத்தையும் துப்பறிவாளர்போல ஆராய்கிறார். வருகைப் பதிவேட்டில் பெயர் விட்டுப்போனது ஓர் அறிகுறி. தான் கேட்ட கேள்விக்கு ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தபடி பதில் சொன்னது இன்னோர் அறிகுறி. இருபது வயதுப் பையன் கணக்கில் தவறினால் ‘இன்னைக்குத் தூக்கம் சரியில்ல’ என்பான். இவர் தவறினால் ‘சொன்னேன்ல, இது நமக்கு ஒத்துவராது’ என்று தன்னிடமே சொல்லிக்கொள்வார். ஒரே தவறுக்கு இரண்டு தீர்ப்புகள்.

இந்தத் தீர்ப்பை மாற்ற முடியுமா என்று கிரெகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதலாண்டு மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ‘வந்த புதிதில் எங்களுக்கும் இது நமக்கான இடம்தானா என்ற சந்தேகம் இருந்தது, போகப் போகப் போய்விட்டது’ என்பதுதான் அவற்றின் சாரம். ஒரு மணி நேர வேலைதான். 2011இல் வெளியான முடிவுகளின்படி, அந்தச் சந்தேகம் அதிகம் அழுத்திய கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தன. தடுமாற்றம் தனக்கு மட்டும் நடப்பதில்லை, எல்லோருக்கும் நடந்து கடந்துபோவது என்று தெரிந்ததும் தீர்ப்பு மாறிவிடுகிறது.

இதைக் கேள்விப்பட்டதும் நமக்குச் சபலம் வரும்: ஒரு மணி நேரம் ஊக்கப் பேச்சு வைத்தால் முடிந்தது வேலை! அப்படியில்லை. வால்ட்டனும் வேறு பல ஆய்வாளர்களும் சேர்ந்து 22 கல்லூரிகளில், 26,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைப் பெரிய அளவில் செய்து 2023இல் வெளியிட்டார்கள். உண்மையிலேயே அந்த மாணவர்களுக்கு இடம் கொடுத்த கல்லூரிகளில்தான் பலன் தெரிந்தது. ‘போகப் போகச் சரியாகும்’ என்று சொல்லிவிட்டு, போகப் போக எதுவும் சரியாகாத இடத்தில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. நம்ம ஊரில் வருடா வருடம் நடக்கும் ‘மோட்டிவேஷன்’ கூட்டங்களை நினைத்துக்கொண்டேன், வேறொன்றுமில்லை.

*சுருக்கமாக:* இடமுணர்வு இல்லாதவர் சாதாரணத் தடுமாற்றத்தையும் தனக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். அந்தச் சாட்சிக்கு வேறு விளக்கம் உண்டு என்று காட்டலாம், ஆனால் வகுப்பும் அதற்கேற்ப இருந்தாக வேண்டும்.

## மென்மையாக இருப்பது வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தனியாக அவிழ்க்க வேண்டும். விலையைக் குறை என்றால் தரத்தைக் குறை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களைத் திருத்தினால் மனம் நோகும் என்று தவறைக் கண்டும் காணாமல் விடுவார்கள். அரைகுறை விடைக்கும் “சூப்பர்ம்மா!” என்பார்கள். வீட்டை நடத்தி, தொழிலாளிக்குக் கூலி பேசி, ஏலச்சீட்டு பிடித்துப் பழகிய மனிதருக்குப் பொய்ப் பாராட்டைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆகாது. கண்டுபிடித்ததும் அவர் புரிந்துகொள்வது ஒன்றே ஒன்று: ‘என்னால இவ்வளவுதான் முடியும்னு இந்த ஆள் முடிவு பண்ணிட்டார்.’

‘உளப் பாதுகாப்பு’ என்றொரு சொல் இப்போது எல்லா இடத்திலும் புழங்குகிறது. கேள்வி கேட்டாலோ தவறை ஒத்துக்கொண்டாலோ இங்கே யாரும் என்னை மட்டம் தட்ட மாட்டார்கள் என்று ஒரு குழுவே பொதுவாக நம்புவதுதான் அது. இந்தச் சொல்லைப் பரவலாக்கிய ஏமி எட்மன்சன் மருத்துவமனைகளில் ஆய்வு செய்தபோது ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அதிகமாக இருந்தன. காரணம் எளிது. அந்தக் குழுக்கள் தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள், மற்றவை மறைத்தன. அங்கே செவிலியர் எதையும் கண்டுகொள்ளாமல் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். தவறு வெளியே வந்தது, திருத்தவும் வழி பிறந்தது.

வகுப்பிலும் அப்படித்தான். விலை குறைந்த வகுப்பில் சிவப்பு மை அதிகமாகவே ஓடும், ஏனென்றால் தவறுகள் நோட்டுக்குள் ஒளிந்திருக்காது. நான் பிற்பாடு பழகிய முறை இது: “இந்தப் படி தப்பு. பரீட்சையில இதுக்கு மார்க் போகும். நீங்க போன வாரம் இதைவிடக் கஷ்டமானதைப் போட்டீங்க, அதனால விடமாட்டேன், திரும்பப் போடுங்க.” தவறு எது என்று சொல்லியாயிற்று, எவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்பதையும் சொல்லியாயிற்று, முடியும் என்பதற்கு அவருடைய வேலையிலிருந்தே ஆதாரமும் கொடுத்தாயிற்று. இந்தக் கலவை வெறும் புகழ்ச்சியைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வுகளும் உண்டு.

## நீ, நீங்க, அக்கா, அம்மா

தமிழ் வகுப்பறைக்கென்றே உள்ள ஒரு சிக்கல் இது. வாயைத் திறந்து ‘நீ’ அல்லது ‘நீங்க’ என்றதும் நாம் எதிரில் இருப்பவரை ஓர் இடத்தில் உட்காரவைத்துவிடுகிறோம். பகலில் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் பாடம் எடுக்கும் ஆசிரியர் வாயில் பழக்கதோஷத்தில் “எங்கே, நீ சொல்லு” என்று வந்துவிடும். அதைக் கேட்டு எவரும் சண்டைக்கு வர மாட்டார்கள். குடம் ஒன்று தலையில் கூடும், அவ்வளவுதான்.

அதற்காக எல்லோரையும் ‘அம்மா’, ‘ஐயா’ என்று அழைப்பதும் சரிப்படாது. நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணை மரியாதையாக நினைத்து ‘அம்மா’ என்றால் சிலர் முகம் வாடும், ‘அக்கா’ என்றால் மலரும். பாட்டி என்று கூப்பிட்டு ஒருமுறை நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. முதல் நாளே “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுவது நல்லது. ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், “பேரைச் சொல்லியே கூப்பிடுங்க சார், என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வருஷமாச்சு, எல்லாரும் ‘ஆட்டோ’ன்னுதான் கூப்பிடுறாங்க” என்றார்.

## கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது

ஆசிரியர் கேள்வி கேட்டதற்கும் தானே அடுத்துப் பேசுவதற்கும் நடுவில் விடும் இடைவெளிக்குக் ‘காத்திருப்பு நேரம்’ என்று பெயர். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருந்தார்கள். மூன்று நொடியாக நீட்டச் சொன்னதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

அது பிள்ளைகள் வகுப்பு. பெரியவர்கள் வகுப்பில் மூன்று நொடியும் எனக்குப் போதவில்லை. பள்ளியை விட்டு இருபது வருடமான ஒருவர் விடையை யோசித்து, சரிபார்த்து, சொல்லலாமா என்று தயங்கி, அப்புறம்தான் வாய் திறப்பார். அதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அதனால் “யாரும் சொல்லாதீங்க, முதல்ல எல்லாரும் நோட்டுல எழுதுங்க, அப்புறம் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட காட்டுங்க” என்று மாற்றினேன். பலகைக்கு வரும் முன்னால் விடை ஒருமுறை பக்கத்து ஆளிடம் போய்த் திரும்பியிருக்கும். தவறு என்றால் அது தெரிந்திருப்பது ஒரே ஒருவருக்கு. முப்பது பேர் முன்னால் விழுவதற்கும் ஒருவர் முன்னால் விழுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்தச் சின்ன ஏற்பாடே கொடுத்துவிடும்.

## மூணு, நாலு, அஞ்சு

இரண்டு மாதம் கழித்துக் கொத்தனார் திரும்பி வந்தார். வேறொரு மாணவர் இழுத்துக்கொண்டு வந்தார் என்பதே உண்மை. அன்று பாடம் பித்தாகரஸ் தேற்றம். புத்தகத்தில் இருந்தபடி நான் முக்கோணம் வரைந்துகொண்டிருக்க, பின்னாலிருந்து அவர் குரல்: “சார், இது மூலைமட்டம் பார்க்கறதுதானே?”

அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரியான செங்கோணம். வரவில்லை என்றால் ஆப்பைத் தள்ளி அடிக்க வேண்டும். இருபது வருடமாக அதைச் செய்துவருகிறார். பலகைக்கு வரச் சொல்லவில்லை, அவரே வந்தார். ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து என்று மற்றவர்களுக்கு விளக்கிய பிறகு, “இதுக்கு வெள்ளைக்காரன் பேரா?” என்று கேட்டுச் சிரித்தார். இந்த முறை கை நடுங்கவில்லை.

பெரியவர்கள் வெறும் பாத்திரத்தோடு வருவதில்லை, கொண்டுவந்த அனுபவத்தின் மேல்தான் புதியதைக் கட்டுகிறார்கள் என்பதை மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கர் 1960களின் இறுதியிலிருந்து வலியுறுத்தினார். பெரியவர்களுக்குக் கற்பிக்கும் கலைக்கு அவர் பரவலாக்கிய பெயர் ‘ஆண்ட்ரகோஜி’. அதற்குச் சற்று முன்னால், 1963இல், பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் உள்ள அன்ஜிகோஸ் என்ற ஊரில் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் குழு ஏறத்தாழ 300 உழைக்கும் மக்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க முயன்றது. அரிச்சுவடியில் தொடங்காமல், கற்பவர்களின் வேலையிலும் வாழ்க்கையிலும் புழங்கும் சொற்களில் தொடங்குவது அவருடைய முறை. செங்கல் என்று பொருள்படும் ‘தீஜோலு’ அவருடைய முறையோடு சேர்த்துப் பேசப்படும் சொற்களில் ஒன்று. நம்ம கொத்தனார் அங்கே இருந்திருந்தால் முதல் நாளே முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு எச்சரிக்கை. அனுபவத்தை மதிக்கிறேன் என்று “உங்க கதையைச் சொல்லுங்க, ஏன் படிப்பை விட்டீங்க?” என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். பதினைந்து வயதில் கல்யாணம், அப்பாவின் குடி, சாதிச் சண்டை என்று அதற்குப் பின்னால் என்னென்னவோ இருக்கும். அவர்களுக்குத் தெரிந்த வேலையைக் கேளுங்கள், காயத்தைக் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவர்களே ஒருநாள் சொல்வார்கள்.

## கண்ணாடியும் பெஞ்சும்

மனசைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினோம். சில சமயம் பிரச்சினை மனசில் இல்லவே இல்லை.

1990 பிப்ரவரியில் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்ட எர்ணாகுளத்தில், எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது ஏராளமானோர் எழுத்துகளைப் பிடிக்க முடியாமல் தடுமாறினார்கள். ஆர்வக்குறைவு இல்லை, பார்வைக்குறைவு. கண்பரிசோதனை முகாம்கள் நடத்தி, வீடுவீடாகப் பழைய கண்ணாடிகளைச் சேகரித்து ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள். நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. ‘இந்தம்மாவுக்கு மண்டையில ஏறல’ என்று சொல்லும் முன்னால் கேள்வித்தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் முழங்கால் இடிக்க ஒன்றரை மணி நேரம் உட்காருவதும் ஒரு குடம்தான்.

வராமல் போகும் நாட்களும் இதில் சேரும். பெரியவர்கள் விடுப்பு எடுக்கும் காரணங்கள் பிள்ளைகளுடையவை அல்ல: சாவு, சடங்கு, முகூர்த்த மாதத்தில் குவியும் தையல், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய கான்கிரீட். ஒரு வாரம் விட்டவர் திரும்பி வரும் அந்த மாலைதான் ஆபத்தான நேரம். “அடடே, வழி தெரிஞ்சுதா?” என்று நாம் சிரிப்புக்காகக் கேட்பது அவருக்கு அபராதம். விட்டுப்போன பாடத்தின் குறிப்பைப் பெயர் எழுதி எடுத்துவைத்து, வந்ததும் கையில் கொடுத்துவிட்டால் வேறு பேச்சே தேவையில்லை. இதை ஆரம்பித்த பிறகு நின்றுபோனவர்கள் எண்ணிக்கை எங்கள் வகுப்பில் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

அந்தச் சத்துணவு உதவியாளர் தினமும் 8.40க்குப் புத்தகத்தை மூடிவிடுவார். நான் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பையை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி எழுந்து போவார். அவருக்கு ஆர்வமில்லை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். தையல் அக்காதான் சொன்னார், அவர் ஊருக்குக் கடைசி பஸ் 8.50க்கு. நடுவில் எழுந்து போவது அவருக்கே கூச்சமாக இருந்ததாம், கேட்கவும் கூச்சமாம். மறுவாரத்திலிருந்து ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்தோம்.